செந்திலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள செந்திலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டுவலி இப்போது தேவலை.

நேற்று ராத்திரி உன் தங்கச்சி ‘கோஸ்ட்ஸ்’ என்று ஒரு படம் போட்டாள். நிக் புரூம்ஃபீல்ட் 2006-இல் எடுத்தது. இங்கிலாந்தில் நீ படிக்கிற லங்காஸ்டருக்குப் பக்கத்து மோர்கம் கடலில் நிஜமாகவே நடந்தது என்றதும் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சீனாவில் ஃபூஜியான் பக்கத்துப் பெண் ஐ சின். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, ஏஜெண்டுக்கு 25,000 டாலர் பேசி, திருட்டுத்தனமாக இங்கிலாந்து வருகிறாள். சின்ன வீடு ஒன்றில் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிற சாப்பாட்டுச் சாமானெல்லாம் இவர்கள் கையால் போவதுதான். நடித்த பெண்ணும் நிஜமாகவே அப்படி வந்தவளாம். அதனாலோ என்னவோ, அழுகிற இடத்தில்கூட மிகை இல்லை. முடிவை முதலிலேயே காட்டிவிடுகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை, படம் முழுக்க வயிற்றைக் கலக்கிக்கொண்டே இருந்தது.

கடைசி வேலை கடலோர மணலில் மட்டிச் சிப்பி எடுப்பது. மணலில் பலகையைப் போட்டு ஆட்டினால் மட்டி மேலே வரும், வாரி மூட்டை கட்ட வேண்டும். நம்மூர்க் கடல் முன்னால் வரும், தெரியும். அங்கே ஏற்றத்தில் தண்ணீர் ஓடைகளில் புகுந்து பின்பக்கம் சுற்றிவந்து, கரைக்குப் போகிற வழியை அடைத்துவிடுகிறது. 2004 பிப்ரவரி 5 ராத்திரி அப்படித்தான் 23 பேர் போனார்கள். ஒருவர் தண்ணீருக்குள் நின்றபடி சீனாவிலிருந்த மனைவிக்குப் போன் செய்திருக்கிறார். கூட்டிப்போன மேஸ்திரிக்கு 14 வருஷம் ஜெயில். ஆனால் செத்தவர்கள் ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் சாகவில்லை. அந்தந்த வீட்டுக்காரர்கள் தலையில் விழுந்தது.

நீ முறையாக விசா வாங்கிப் போனவன், அவர்கள் நிலைமை வேறு. ஆனாலும் கடன் என்று நினைத்துத்தானே போன வாரம் அந்த குடோன் வேலையைப் பற்றிப் பேச்செடுத்தாய்? படிப்பு நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் என்று உன் விசாவிலேயே இருக்கிறது. அதற்கு மேல் எவனாவது கையில் காசு தருகிறேன் என்றால், ஏதாவது ஆனால் அவன் உன்னைத் தெரியவே தெரியாது என்பான். பேங்க் லோன் எங்கள் பாடு. இந்த மாதத் தவணை கட்டியாச்சு. அடுத்ததற்கும் அப்பா ஏற்பாடு செய்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். “நல்லா இருக்கேம்மா” என்று வைத்துவிடாதே. அந்த குடோன்காரனிடம் என்ன சொன்னாய் என்று அப்பா கேட்பார், பதிலோடு வா.

அன்புடன்,
அம்மா