அப்பாவுக்கு, பட்டர்வொர்த்திலிருந்து

பட்டர்வொர்த்,
மலேசியா,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே அம்மா, அக்கா, அத்தான், பாப்பா எல்லோரும் நலம்தானே. உங்கள் கடிதம் வந்து இருபது நாளாகிறது. தினமும் எடுத்துப் பார்ப்பேன், நாளைக்கு எழுதலாம் என்று திரும்பத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவேன். காது மந்தமான பிறகு போனில் "ஆங், ஆங்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கைவலியோடு எழுதுகிறீர்கள் என்று தெரிந்தும் பதில் போடாமல் இருந்தது என் தப்புதான். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போதெல்லாம் ஞாயிறு முழுநாளும் லீவு. முன்பு ஓவர்டைம் இருக்கும், இரண்டு மாதமாக இல்லை. உடம்புக்கு நல்லதுதான். நன்றாகத் தூங்குகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இன்றைக்கு விடியும் முன்னேயே விழிப்பு வந்துவிட்டது. இங்கே காலை ஏழு மணிக்கும் இருட்டு விலகாது. அங்கே அப்போது நான்கரை. நீங்கள் டார்ச் லைட்டைத் தேடுகிற நேரம். துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு பெர்ரி ஏறி பினாங்குத் தீவில் இருக்கிற ஜார்ஜ் டவுன் போனேன். கால் மணி நேரம்கூட ஆகாது. தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து நாள்கணக்கில் சாப்பாடு இறங்காமல் வந்து சேர்ந்த கரை இதுதான். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அவர் நினைப்பு வரும்.

லிட்டில் இந்தியாவில் பணம் அனுப்பினேன். இந்த மாதம் கொஞ்சம் குறைவாக வரும். பெர்மிட் புதுப்பிக்கிற மாதம், வேறொன்றும் இல்லை. அடுத்த மாதம் சேர்த்து அனுப்பிவிடுகிறேன். முடிவெட்டக் கடைக்குப் போவதில்லை. அறையில் இருக்கிற நேபாளத் தம்பியே வெட்டிவிடுகிறான். கை சுத்தமான பையன்.

அப்புறம் சௌராஸ்தா மார்க்கெட். கீழே மீன், காய்கறி, ஜாதிக்காய் ஊறுகாய் எல்லாம் விற்கும். ஒரு கடையில் தேங்காயை மெஷினில் துருவி, கண்ணெதிரே பால் பிழிந்து பையில் கட்டித் தருகிறார்கள். நீங்கள் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுவீர்கள். நான் உரித்த காயைக் கையில் எடுத்து ஆட்டித் தட்டிப் பார்த்தேன். பருப்பு கனம் நம் பேராவூரணிக் காய் அளவுக்கு இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. கானாங்கெளுத்தி ஐந்து வாங்கினேன். இங்கே அதற்குப் பெயர் கெம்போங்.

அம்மா கொடுத்துவிட்ட குழம்புத்தூள் இன்றைக்குக் கடைசிக் கரண்டி. டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் ஊற்றினேன். கறிவேப்பிலை பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா கொடுத்தது. பெயின்ட் டப்பாவில் செடி வைத்திருக்கிறார், வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. வாசலில் சிவப்பு மாடம் வைத்து தினமும் ஊதுபத்தி ஏற்றுவார். என்னைப் பார்த்தால் போதும், "தம்பி, சியாக் பா போய்?" என்பார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். இல்லை என்று சொல்லிவிட்டால் நகரவிட மாட்டார், அதனால் பசித்தாலும் சாப்பிட்டாச்சு என்பதுதான் வழக்கம். இன்றைக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். சாயங்காலம் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து இரண்டு ஆரஞ்சுப் பழம் வைத்துத் திருப்பித் தந்தார். வெறும் பாத்திரமாகத் தரக்கூடாது என்று அம்மா சொல்வது இவர்களுக்கும் இருக்கிறது.

சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான். சௌராஸ்தா மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. மலாய், சீன, ஆங்கிலப் புத்தகங்களுக்கு அடியில் காக்கிக் காகித அட்டை போட்ட ஒன்று கிடந்தது. உருவிப் பார்த்தால், வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்கதை! கோணூசியால் மூன்று துளை போட்டு, சணலில் தைத்து, மைதாப் பசை ஒட்டி, அச்சு அசல் நீங்கள் பைண்டு பண்ணுவது மாதிரியே. கடைக்காரர் ஐந்து வெள்ளிக்கு, அதாவது ஐந்து ரிங்கிட்டுக்குக் கொடுத்தார்.

மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டு படித்தேன். வெளியே மழை. முன்பக்கம் இல்லாததால் கதையின் பெயர் தெரியவில்லை. பின் அட்டையின் உள்பக்கத்தில் யாரோ பென்சிலில் பால்கணக்கு எழுதியிருக்கிறார்கள். திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்று, புதன் கோடு. நீங்கள் காய்வெட்டுக் கணக்கு எழுதுவீர்களே, அந்த இடத்தில். அதற்குமேல் படிக்க ஓடவில்லை. 2018-இல் கஜா புயல் அடித்த மறுநாள், ஓடு பறந்து பரணில் இருந்த உங்கள் புத்தகங்கள் எல்லாம் ஊறிப்போய், அம்மா வாசலில் பரப்பிக் காயவைத்தார்களே. பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை. தோப்பு முழுக்கச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தபோதுகூட நீங்கள் வாய் திறக்கவில்லை. அந்தப் புத்தகங்களுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து அழுதீர்கள். நான் மாட்டுக்கொட்டகையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

அப்பா, எனக்கு ஊருக்கு வரவேண்டும் போல இருக்கிறது. இந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

சரி. தோப்பு விஷயம். பெரியப்பா இரண்டு பங்கையும் சேர்த்து விற்றால்தான் நல்ல விலை வரும் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் கஷ்டம் எனக்குப் புரிகிறது, பெரியம்மா வைத்தியச் செலவு இருக்கிறது. ஆனாலும் நான் வரும்வரை புரோக்கர் யாரையும் தோப்புக்குள் விடவேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். 2019-இல் நாம் வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. இந்த நேரத்தில் விற்பதா? அத்தானையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள், தனியாகப் போனால் நீங்கள் தலையாட்டிவிட்டு வந்துவிடுவீர்கள்.

அம்மாவின் கண் ஆபரேஷனைப் பாப்பா பரீட்சை முடியட்டும் என்று தள்ளாதீர்கள். பாப்பா நன்றாகவே எழுதுவாள்.

முதல் குலை இறக்கும்போது எத்தனை காய் என்று எழுதுங்கள். அந்தப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்,
சின்னவன்

பி.கு: அக்காவின் வளையல் ரசீது பீரோ மேல்தட்டில் மஞ்சள் பைக்குள் இருக்கிறது. கெடு இந்த மாதக் கடைசி. அனுப்பிய பணத்தில் முதலில் வட்டியைக் கட்டி மாற்றி வையுங்கள், மளிகைக் கடைக்காரரிடம் பத்து நாள் பொறுக்கச் சொல்லி நான் பேசிவிட்டேன்.