எண்ணைத் தட்டி முடிக்க விடுங்கள்: செயலி எழுதும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தரமணியிலும் பெருங்குடியிலும் சிறுசேரியிலும் மொபைல் செயலி எழுதும் நண்பர்களுக்கும், அவற்றின் திரைகளை வடிவமைப்பவர்களுக்கும், எதை எப்போது வெளியிடுவது என்று முடிவு செய்யும் மேலாளர்களுக்கும்,

வணக்கம். செயலிகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. கடைக்காரர்களுக்கான பில்லிங், இருப்புக் கணக்கு மாதிரியான செயலிகள்தான் பெரும்பாலும் என்னிடம் வரும். எது வந்தாலும் முதலில் எண் போடும் பெட்டியைத்தான் தொட்டுப் பார்ப்பேன். புள்ளி வைத்த எண்ணை ஒழுங்காக வாங்கிக்கொள்ளாத செயலிகள் இன்னமும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. உங்களிடம் நான் கேட்பது இதுதான்: ஒருவர் தட்டிக்கொண்டிருக்கும்போது அவர் எண்ணில் கை வைக்காதீர்கள். அவர் பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகு அழகுபடுத்திக்கொள்ளுங்கள்.

தி.நகர் நகைக்கடை கவுன்ட்டர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கம்மல், எடை 1.05 கிராம். விற்பனையாளர் ஒன்று, புள்ளி, பூஜ்யம் என்று தட்டுகிறார். பெட்டியில் 1.0 நிற்கிறது. இங்கேதான் செயலி அவசரப்படுகிறது. ஒவ்வொரு தட்டலுக்கும் பெட்டியில் உள்ளதை எண்ணாக மாற்றி, அதைத் திரும்ப எழுத்தாக்கிப் பெட்டியிலேயே போடுகிறது. 1.0 என்றாலும் 1 என்றாலும் மதிப்பு ஒன்றுதானே என்று பூஜ்யத்தைத் தூக்கிவிடுகிறது. பூஜ்யம் மட்டும் போய்ப் புள்ளி தங்கினால், அடுத்து விழும் 5 அந்த எடையை 1.5 ஆக்கிவிடும். புள்ளியும் சேர்ந்து போனால் 15. புள்ளி வைத்த உடனேயே அதைத் தின்றுவிடும் செயலியில் 105.

15 வந்தாலும் 105 வந்தாலும் கண்ணில் பட்டுவிடும், கம்மல் அவ்வளவு கனக்காது. 1.5 அப்படியில்லை. பார்த்தால் சரியான எடை மாதிரியே இருக்கும். கிராம் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட 4,500 ரூபாய் வித்தியாசம். அதற்கு மேல் சேதாரம், செய்கூலி, ஜி.எஸ்.டி. எல்லாம் அந்தத் தப்பான எடையின் மேல்தான் ஏறும். கூட்டம் நிற்கும் நேரத்தில் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

"1.", "1.0", "0.0", வெறும் "." இவையெல்லாம் முடிந்த எண்கள் அல்ல, போய்க்கொண்டிருக்கும் எண்கள். அதனால் தட்டி முடியும் வரை எழுத்தை எழுத்தாகவே வைத்திருங்கள். எண்ணாக மாற்றும் வேலை பெட்டியை விட்டு வெளியே வரும்போதோ, சேமிக்கும்போதோ நடக்கட்டும்.

"லட்சத்துக்குக் கமா போடாவிட்டால் எத்தனை பூஜ்யம் என்றே தெரியாதே" என்று வடிவமைப்பாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் தட்டத் தட்டக் கமா போடும் பெட்டியில் ஒரு திருத்தம் செய்து பாருங்கள். 1,25,000 இருக்கிறது. நடுவில் உள்ள 5-ஐ 6 ஆக்க வேண்டும். கர்சரை அதன் பின்னால் வைத்து அழிக்கிறீர்கள். பெட்டி 12,000 என்று மாறிவிடுகிறது, கர்சர் கடைசிக்குத் தாவிவிடுகிறது. அதைக் கவனிக்காமல் 6 தட்டினால் 1,20,006. கர்சர் கமாவுக்குப் பின்னால் நின்றால் இன்னொரு தொல்லை: அழிக்கும் பொத்தான் கமாவை எடுக்கும், செயலி உடனே திரும்பப் போடும், எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நகராது. பார்வையற்றவர்கள் திரை வாசிப்பான் வைத்துக்கொண்டு தட்டும்போது, எழுத்து தானாக மாறிக்கொண்டே இருந்தால் காதில் விழுவது எதுவும் அவர்கள் தட்டியதோடு ஒத்துப்போகாது.

கமா வேண்டுமென்றால் பெட்டிக்குக் கீழே ஒரு சின்ன வரியில் காட்டுங்கள். காசோலையில் எழுத்தால் எழுதுகிறோமே, அதையும் சேர்த்தே போடலாம்: ஒரு லட்சத்து இருபத்தையாயிரம் ரூபாய். ஒரு பூஜ்யம் கூடிப்போனால் பத்து லட்சம் தாண்டிவிட்டது என்று அந்த வரியே சொல்லிவிடும். கமா எங்கே விழுகிறது என்பதையும் கொஞ்சம் பாருங்கள். சர்வரில் ஓடும் சாதாரண ஜாவா நிரலில், எண்ணுக்குக் கமா போட்டுத் தரும் டெசிமல்ஃபார்மட்டில் நம் வழக்கப்படி வடிவம் எழுதிக் கொடுத்தாலும் 12,34,567 வராது, 1,234,567 என்றுதான் வரும். ஃபோனில் ஒரு மாதிரி, சர்வரிலிருந்து வரும் ரசீதில் வேறு மாதிரி என்றால் கடைக்காரருக்கு இரண்டின் மேலும் சந்தேகம் வரும்.

அப்புறம் ஒட்டும் விஷயம். வாட்ஸாப்பில் யாரோ "ரூ.1,250" என்று அனுப்புகிறார்கள். அதை அப்படியே எடுத்துத் தொகைப் பெட்டியில் ஒட்டுகிறோம். பல செயலிகளில் இருக்கும் வடிகட்டி இலக்கத்தையும் புள்ளியையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துவிடும். "ரூ." போனாலும் அதன் புள்ளி போகாது. மிச்சம் .1250, அதாவது பதின்மூன்று பைசாகூட இல்லை. இன்னும் சிலர் புள்ளியையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள், அங்கே 1,250.50 என்று ஒட்டினால் 1,25,050 ரூபாய். ஒட்டியது என்ன என்று சந்தேகமாக இருந்தால் கேளுங்கள், தயவுசெய்து நீங்களாக ஊகிக்காதீர்கள்.

இங்கே உட்கார்ந்து ஐரோப்பாவுக்குச் செயலி எழுதுபவர்கள் நிறையப் பேர். ஜெர்மனியில் 12,5 என்றால் பன்னிரண்டரை, 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. ஐஃபோனில் புள்ளி எண் தட்டுவதற்கான டெசிமல் விசைப்பலகை, ஃபோன் எந்த நாட்டு வழக்கத்தில் இருக்கிறதோ அதன்படி புள்ளியையோ கமாவையோ காட்டும். ஆண்ட்ராய்டில் 2017-ல் வந்த 8-ஆம் பதிப்புக்கு முன்பு நம்பர்டெசிமல் என்ற புள்ளி எண் பெட்டி, பின்னத்தைப் பிரிக்கப் புள்ளியைத் தவிர வேறு எதையும் ஏற்காது. விசைப்பலகை கமாவைக் கொடுத்து, உங்கள் நிரல் புள்ளியை மட்டும் தேடினால், அந்த ஊர்க்காரர் பாதி எண்ணைக்கூடப் போட முடியாது.

அதே ஐஃபோன் விசைப்பலகையில் கழித்தல் குறி கிடையாது. கண்ணாடிக் கடைச் செயலியில் −1.75 பவர் எப்படிப் போடுவது? பக்கத்தில் கூட்டல், கழித்தல் என்று இரண்டு பொத்தான் வையுங்கள். கிட்டப்பார்வைக்காரருக்குக் கூட்டல் பவரில் கண்ணாடி போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பதைப் பொருள்தான் தீர்மானிக்க வேண்டும். பணத்துக்கு இரண்டு. தங்கத்துக்கு மூன்று, ஏனென்றால் தராசு மில்லிகிராம் வரை காட்டுகிறது; 3.256-ஐ 3.25 என்று வெட்டினால் மேலே சொன்ன விலையில் 60 ரூபாய் காணாமல் போகும். மருந்து வேறு கதை. மருந்துப் பிழைகளைத் தடுக்க வேலை செய்யும் அமெரிக்காவின் ஐ.எஸ்.எம்.பி. அமைப்பு, .5 என்று எழுதாமல் 0.5 என்றே எழுதச் சொல்கிறது, 5.0 என்று எழுதவே வேண்டாம் என்கிறது. புள்ளி கண்ணில் படாவிட்டால் .5 என்பது 5 ஆகும், 5.0 என்பது 50 ஆகும். ஆக, பில்லில் 500.00 காட்டும் அதே பழக்கம் குழந்தைக்கான சொட்டு மருந்து அளவில் ஆபத்து. எல்லாத் திரைக்கும் எண்ணை அழகுபடுத்தும் ஒரே ஃபார்மட்டரை மாட்டாதீர்கள்.

உள்ளே கணக்குப் போடும் முறையும் முக்கியம். ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்கள் பலவும் தொகையைப் பைசாவில் முழு எண்ணாகக் கேட்கும். 19.99-ஐ டபுளில், அதாவது பின்னத்தைத் தோராயமாக வைக்கும் எண் வகையில் வைத்து 100-ஆல் பெருக்கினால் 1998.9999999999998 வரும், பின்னத்தை வெட்டினால் ஒரு பைசா போச்சு. எழுத்திலிருந்து நேராக, பின்னத்தை அப்படியே வைத்திருக்கும் பிக்டெசிமலுக்கு மாற்றுங்கள், அல்லது பைசாவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வெளியீட்டுக்கு முன்னால் உங்கள் செயலியில் எண் வாங்கும் ஒவ்வொரு பெட்டியிலும் 1.05, .5, 0.005 இவற்றைத் தட்டிப் பாருங்கள். "ரூ.1,250" என்பதை ஒட்டிப் பாருங்கள். 1,25,000-ன் நடுவில் ஒரு இலக்கத்தை மாற்றிப் பாருங்கள். ஃபோனை ஜெர்மன் வழக்கத்துக்கு மாற்றி இதையெல்லாம் இன்னொரு முறை செய்யுங்கள். அரை மணி நேர வேலைதான். மேலாளர்களே, இதில் ஏதாவது தவறினால் அதை "சின்ன யூஐ (திரைத் தோற்றம்) விஷயம்" என்று பட்டியலின் அடியில் தள்ளாமல், தப்பான தொகை போகும் பிழைக்குக் கொடுக்கும் அதே முன்னுரிமையைக் கொடுங்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு செயலி சோதனையாளர்