கண்ணாடி முகப்பு வரையும் கட்டடக்கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போன வாரம் ஒருநாள் காலை, நான் வேலை செய்யும் கட்டடத்தின் வாசலில் ஒரு மீன்கொத்தி விழுந்து கிடந்தது. கையில் எடுத்தபோது உடம்பில் இன்னும் சூடு இருந்தது. அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம். மற்றபடி ஓர் இறகுகூடக் கலையவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். எதிரிலிருந்த மரம் கண்ணாடியில் கிளை கிளையாகத் தெரிந்தது. அந்த மரத்தை நம்பித்தான் அது பறந்திருக்கிறது.

வாசலைக் கூட்டும் அக்காவிடம் சொன்னேன். "வாரத்துக்கு ரெண்டு மூணு கிடக்கும். நீங்கல்லாம் வர்றதுக்குள்ள கூட்டிடுவேன்" என்றார். ஏழு வருடமாக அந்த வாசல் வழியாகத்தான் போய்வருகிறேன், எனக்குத் தெரியவே இல்லை. உங்களில் பலருக்கும் தெரிந்திருக்காது என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

கண்ணாடி இருக்கிறது என்பதைக் கண்ணாடியைப் பார்த்து நாம் தெரிந்துகொள்வதில்லை. கதவுச் சட்டம், கைப்பிடி, யாரோ பதித்துவிட்டுப் போன விரல்தடம், இவைதான் சொல்லித்தருகின்றன. பறவைக்கு இந்தப் பாடம் கிடையாது. வானம் தெரிந்தால் அது வானம். செடி தெரிந்தால் அது செடி. அதனால்தான் இருபுறமும் கண்ணாடி போட்ட நடைபாலமும், இரண்டு கண்ணாடிச் சுவர்கள் சந்திக்கும் மூலையும் இவ்வளவு ஆபத்தாக இருக்கின்றன. அந்தப் பக்கம் தெரிகிற வெளிச்சத்துக்குள் முழு வேகத்தில் பறக்கப் பார்க்கிறது. மோதிய பிறகு சில எழுந்து பறந்துவிடும். பிழைத்துவிட்டது என்று நினைப்போம். உள்ளே ரத்தம் கசிந்து, கொஞ்ச நேரம் கழித்து ஏதோ ஒரு புதருக்குள் செத்துப்போவதும் உண்டு.

அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடியிலிருந்து 98.8 கோடிப் பறவைகள் வரை கட்டடங்களில் மோதி இறக்கின்றன என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் வானளாவிய கட்டடங்களின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மீதி எல்லாம் வீடுகளிலும் நாலு முதல் பதினொரு மாடி வரையுள்ள கட்டடங்களிலும் நடப்பவை. அதாவது மரம் எந்த உயரம் வரை நிற்கிறதோ அந்த உயரம்தான் முதல் கவலை. நீங்கள் அன்றாடம் வரைவதும் பெரும்பாலும் அந்த உயரத்துக்குத்தானே.

இரவு விளக்குகளையும் சொல்ல வேண்டும். வலசை போகும் சிறு பறவைகளில் பல இரவில்தான் பறக்கின்றன. நகரத்து வெளிச்சம் அவற்றைத் திசைதிருப்பிக் கீழே இழுக்கிறது. சிகாகோவில் ஏரிக்கரையில் நிற்கும் மெக்கார்மிக் பிளேஸ் கட்டடத்தில் 2023 அக்டோபர் 5ஆம் தேதி, ஒரே நாளில் ஏறக்குறைய ஆயிரம் பறவைகள் செத்து விழுந்தன. அங்கே 1978 முதல் இறந்த பறவைகளைப் பொறுக்கிக் கணக்கு வைத்திருக்கிறார்கள்; அவர்களே அப்படி ஒரு காலையைப் பார்த்ததில்லை. அடுத்த கோடையில் அந்தக் கண்ணாடிகளின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகள் போட்ட படலத்தை ஒட்டினார்கள். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் சாவு 95 சதவீதம் அளவுக்குக் குறைந்தது.

புள்ளிகள்தான்! இத்தனை சின்ன விஷயம் என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஆனால் அந்தப் புள்ளியோ கோடோ சரியாக அமைய வேண்டும். கண்ணாடியின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்பக்கம் இருந்தால் பிரதிபலிப்பு அதை மறைத்துவிடும். இடைவெளி ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் அதைவிட அகலமான சந்துக்குள் நுழைந்துவிடலாம் என்று சிறு பறவை நினைக்கிறது. பருந்து உருவம் வெட்டி ஒன்றிரண்டு ஒட்டுவதால் பயனில்லை, பறவை அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் கண்ணாடியில் மோதும். கண்ணாடிக்கு நிறம் ஏற்றினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். பளபளப்பு இருக்கும்வரை அதுவும் உதவாது.

நியூயார்க்கின் ஜாவிட்ஸ் மாநாட்டு மையத்தைப் புதுப்பித்தபோது, பழைய பளபளக்கும் கண்ணாடிகளை எடுத்துவிட்டுப் புள்ளி பதித்தவற்றைப் போட்டார்கள். பறவைச் சாவு சுமார் 90 சதவீதம் குறைந்தது, மின்செலவும் குறைந்தது. அந்த நகரம் 2019இல் இதைச் சட்டமாகவே இயற்றியது. புதிய கட்டடங்களில் முதல் 75 அடி உயரத்துக்குப் பறவைக்குப் புலப்படும் கண்ணாடி வேண்டும். டொராண்டோ 2010இலேயே இப்படி விதி கொண்டுவந்துவிட்டது.

சட்டம் வரட்டும், வர வேண்டும். ஆனால் அதற்குக் காத்திருக்கத் தேவையில்லாத இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். கட்டி முடித்த கட்டடத்தில் படலம் ஒட்டச் செலவாகும், சண்டை போட வேண்டும். எங்கள் நிர்வாகத்திடம் அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். எலிவேஷன், அதாவது கட்டடத்தின் வெளித்தோற்ற வரைபடம், வரையும்போதே யோசித்தால் அது இன்னொரு வடிவமைப்பு முடிவு, அவ்வளவுதான். வாடிக்கையாளர் முழுக்கக் கண்ணாடி கேட்டால் புள்ளி பதித்த கண்ணாடியின் மாதிரியை அவர் கையில் கொடுங்கள். வெளியில் நடும் மரத்துக்கு எதிரே எது பிரதிபலிக்கும் என்று பாருங்கள். இரவில் தானாக அணையும் விளக்குகளைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் வரைந்த கட்டடங்களில் ஒன்றுக்கு, வலசைக் காலத்தில் ஒருநாள், விடிந்ததும் விடியாததுமாகப் போய்ச் சுற்றிவாருங்கள். வாசல் கூட்டுவதற்கு முன்னால்.

அன்புடன்,
கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலை செய்பவர்