தொடக்க வாடகையைக் கவனியுங்கள்

ஐயா,

புலம்பெயர் தொழிலாளர்களுக்காகவும் நகர்ப்புற ஏழைகளுக்காகவும் மத்திய அரசு 2020-இல் கொண்டுவந்த மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டத்தில் நல்ல விதி ஒன்று இருக்கிறது. வாடகையை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 8 சதவீதம் உயர்த்தலாம். ஐந்து ஆண்டுகளில் மொத்த உயர்வு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 3,000 ரூபாய் வாடகை முதல் உயர்வில் 3,240 ஆகும், அதற்கு மேல் இல்லை.

திருப்பூரில் எங்கள் தெருவில் வரிசை வீட்டில் குடியிருக்கும் ஒடிசாத் தையல்காரர் ஒருவர், அலமாரிக் கதவின் உட்புறத்தில் தம் வாடகையைப் பென்சிலால் எழுதி வருகிறார். 2,500, 3,000, 3,800. அடித்து அடித்து எழுதிய அந்த எண்களைப் பார்த்தபோது மனம் கனத்தது. இப்படிப்பட்டவர்களுக்கு அந்த விதி எவ்வளவு பெரிய பிடிமானம்!

ஆனால் வரம்பு உயர்வுக்குத்தான். தொடக்க வாடகை உள்ளூர்க் கணக்கெடுப்பின்படி முடிவாகிறது. அங்கேயே அதிகம் வைத்துவிட்டால் 8 சதவீதம் என்ன பயன் தரும்? அமெரிக்காவில் வரிச்சலுகை பெற்றுக் கட்டும் குடியிருப்புகளில் உச்ச வாடகையே அப்பகுதியின் வருமான அளவோடு கட்டப்பட்டிருக்கிறது. குடியிருப்பவர் செலுத்தும் மின்சார, தண்ணீர்ச் செலவுக்கான தொகையும் அந்த உச்சத்துக்குள்ளேயே அடங்க வேண்டும். நம் ஊரில் வாடகை ஒரு பக்கம், மோட்டார் கட்டணம் மறுபக்கம்.

தொடக்க வாடகையையும் கூலியோடு இணைக்க வேண்டும். உயர்வு விதியைக் குடியிருப்பு வாசலில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வைக்க அரசு உத்தரவிட வேண்டும்.

- ஒரு வாசகி, திருப்பூர்