விலை பிளாட்டினத்தில் இல்லை, படலத்தில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் ஹைட்ரஜன் போன்ற எரிபொருளை எரிக்காமலே நேரடியாக மின்சாரமாக்கும் எரிபொருள் மின்கலங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இவற்றின் விலை உயர்வுக்குப் பிளாட்டினமே காரணம் என்று எல்லா வகைகளுக்கும் பொதுவாக அதில் கூறப்பட்டிருப்பது பொருந்தாது. வாகனங்களில் பயன்படும், ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸில் இயங்கும் பாலிமர் சவ்வு வகைக்கு அது சரி. 600 டிகிரிக்கு மேல் இயங்கும் திண்ம ஆக்சைடு மின்கலத்துக்கோ நிக்கலும் சில உலோக ஆக்சைடுகளும் போதும். அதில் சிரமத்தின் பெரும்பங்கு இரண்டு மின்வாய்களுக்கு நடுவே அமையும் பீங்கான் மின்பகுளிப் படலத்தைச் செய்வதில்தான் இருக்கிறது.

வழக்கமாக 8 மோல் சதவீத இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலந்த சிர்கோனியாவால் (சிர்கோனியம் ஆக்சைடு) ஆன அந்தப் படலம் ஆக்சிஜன் அயனிகளை மட்டும் கடத்த வேண்டும்; வாயுவை விடக்கூடாது. தடிமன் கூடினால் மின்தடை கூடும், வெப்பம் கூடினால் அது குறையும் என்பதால், 150 மைக்ரான் தகட்டுக்கு 900 டிகிரிக்கு மேல் வேண்டியிருக்கும் இடத்தில், 10 மைக்ரான் படலம் 750 டிகிரியிலேயே வேலை செய்யும். ஆனால் அவ்வளவு மெல்லிய படலம் தானாக நிற்காது. மின்வாயாக அமையும், வாயு புகுவதற்காக நுண்துளைகள் நிறைந்த நிக்கல் ஆக்சைடு, சிர்கோனியா கலவைத் தகட்டின் மேல் பூசியாக வேண்டும். துளையுள்ள அடித்தளத்தின் மேல் துளையே இல்லாத பூச்சு என்பதுதான் இங்கே முடிச்சு.

அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் தன் குழாய் வடிவக் கலங்களில் சிர்கோனியம், இட்ரியம் குளோரைடு ஆவிகளைக் கொண்டு படலத்தை வளர்த்து இம்முடிச்சை அவிழ்த்தது. துளைகள் அடைபட்ட பிறகும், படலத்தின் ஊடாக வரும் ஆக்சிஜன் அயனிகளே அதை மேலும் வளர்த்தன. அழகான முறை, ஆனால் வெற்றிடக் கலன்களும் அரிக்கும் ஆவிகளும் வேண்டியதால் செலவு மிகுந்தது. தூளை மிகுவெப்ப வாயுத் தாரையில் உருக்கித் தெளிக்கும் பிளாஸ்மா தெளிப்பு விரைவானதாயினும், உருகிய துளிகள் அடுக்கடுக்காகப் படிவதால் இடுக்குகளில் விரிசல் தங்கிவிடுகிறது.

ஆகவே பீங்கான் தூளைக் குழம்பாக்கிப் பூசி 1400 டிகிரி அளவில் சுடும் எளிய வழியே இன்று பரவலாக உள்ளது. எளிமை பார்வைக்கு மட்டுமே. முழுதும் சுட்டு முடித்த தகட்டில் பூசினால், அது சுருங்காதபோது பூச்சு மட்டும் சுருங்க முயன்று, காய்ந்த சுவரில் பூசிய களிமண் போல வெடிக்கும். எனவே தகட்டை 1000 டிகிரி வாக்கில் அரைகுறையாகச் சுட்டு, அதன் மேல் பூசி, இரண்டும் ஒருசேரச் சுருங்கும்படி மறுபடி சுடுகிறார்கள். குழம்பில் தங்கிய ஒரு காற்றுக்குமிழியோ தூசியோ ஊசித்துளையாகிவிடும். ஈரமேற்றிய ஹைட்ரஜனைச் செலுத்தி 800 டிகிரியில் அளக்கும்போது சுமையின்றி 1.1 வோல்ட் அளவு வரவேண்டிய கலம் 1 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது வாயுக் கசிவைத்தான்.

சிர்கோனியாவுக்கு மூலமான சிர்கான் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. கொல்கத்தாவிலுள்ள மத்தியக் கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிறுவனமும் இத்தகைய கலங்களில் ஆய்வு செய்து வருகிறது. மணலுக்கும் மின்சாரத்துக்கும் இடையே உள்ள மதிப்பு, நுண்தூள் தயாரிப்பிலும் பூச்சிலும் சூளையிலும்தான் சேர்கிறது. இனி இத்துறையில் புதிய ஆலை பற்றிய செய்தி வரும்போது, அது எத்தனை கிலோவாட் என்பதோடு, கலங்கள் இங்கேயே பூசிச் சுடப்படுகின்றனவா, இறக்குமதி செய்து அடுக்கப்படுகின்றனவா என்பதையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பொருளறிவியல் ஆசிரியர் ஒருவர்,
சேலம்.