காரணி தெரியாமலே பகு எண்: பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடத்தில் மட்டு எண்கணிதம், அதாவது வகுத்து வரும் மீதிகளை வைத்துப் போடும் கணக்கு, இருக்கிறது. அதை நடத்தும்போது 147573952589676412927 என்ற எண்ணையும் கரும்பலகையில் எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல். 2-இன் 67ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வருவது அது.

இதைப் பகா எண் என்று 1644இல் பிரெஞ்சுத் துறவி மாரின் மெர்சென் தன் பட்டியலில் சேர்த்தார். அது தவறு, இது பகு எண்தான் என்று 1876இல் எதுவார் லூக்கா நிறுவினார். ஆனால் எதனால் வகுபடும் என்பது அவருக்கும் தெரியாது. 1903இல்தான் ஃபிராங்க் நெல்சன் கோல் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் விடையை முன்வைத்தார்: 193707721 × 761838257287. அன்று கோல் வாயே திறக்காமல் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் என்ற கதையைப் பலரும் சொல்வார்கள். மாணவர்களுக்கு அதைவிட முக்கியம் இடையில் கிடந்த 27 ஆண்டுகள். உடையும் என்று உறுதியாகத் தெரியும். எப்படி உடையும் என்று எவருக்கும் தெரியாது.

இப்படி ஒரு நிலை இருக்க முடியும் என்பதையே நம் பிள்ளைகள் கேள்விப்படுவதில்லை. "பகு எண்ணா? காரணியைக் காட்டு" என்று கேட்டே பழக்கிவிட்டோம். காரணியைத் தொடாமலும் காட்டலாம். 91ஐ எடுங்கள், பார்த்தவுடன் பகா எண் என்று பலரும் நினைக்கும் எண். 2 தவிர்த்த எந்தப் பகா எண்ணுக்கும், அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2ஐ உயர்த்தி அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். இது பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா சொன்னது. அப்படியானால் 2-இன் 90ஆம் அடுக்கை 91ஆல் வகுக்க வேண்டும். 2-இன் 12ஆம் அடுக்கு 4096. 91 × 45 = 4095, மீதி 1. 90 என்பது ஏழு பன்னிரண்டும் ஓர் ஆறும். ஆகவே மிஞ்சுவது 2-இன் 6ஆம் அடுக்கு மட்டும்: 64. மீதி 1 வரவில்லை, 91 பகா எண் இல்லை. 7, 13 என்ற பேச்சே எழவில்லை!

ஒரு எச்சரிக்கையும் அவசியம். மீதி 1 வந்துவிட்டால் பகா எண் என்று முடிவுகட்டக் கூடாது. 341 இந்தச் சோதனையில் தேறிவிடும். ஆனால் அது 11 × 31. மெர்சென் சொன்ன எண்ணும் தேறிவிடும். அதனால் லூக்கா கையாண்டது வேறொரு சோதனை. அதுவும் காரணியைத் தேடாமல் மீதியைப் பார்த்தே தீர்ப்புச் சொல்வதுதான்.

இணையப் பரிமாற்றங்களைக் காக்கும் ஆர்.எஸ்.ஏ. முறையை 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அமைத்தது இந்த இடைவெளியின் மேல்தான். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண் பகா எண்ணா என்று கணினி சட்டென்று சொல்லிவிடும். அத்தகைய இரண்டு பகா எண்களைப் பெருக்கி வைத்தால் அவற்றைத் திரும்பப் பிரிப்பதுதான் பெரும்பாடு.

ஒரு பாடவேளை ஒதுக்கி, கோலின் பெருக்கலை வகுப்பையே குழுக்களாகப் பிரித்துக் கையால் போடவிடுங்கள். கால்குலேட்டரின் திரையில் 21 இலக்கம் அடங்காது. வந்த விடையில் பிழை இருக்கிறதா என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கலாம்; எண்ணை 9ஆல் வகுத்தாலும் அதன் இலக்கக் கூட்டலை வகுத்தாலும் ஒரே மீதிதான். இரண்டு காரணிகளையும் 9ஆல் வகுத்தால் மீதி 1, விடைக்கும் 1 வர வேண்டும். முடித்தவர்களிடம் 193707721ஐ 134ஆல் வகுக்கச் சொல்லுங்கள். மீதி 1 வரும். 134 என்பது 67-இன் இருமடங்கு; அந்த 21 இலக்க எண்ணின் எந்தக் காரணிக்கும் அப்படித்தான் வரும். ஏன் என்று கேட்டுவிட்டு, அவர்கள் யோசிக்கும்வரை தயவுசெய்து காத்திருங்கள்.

அன்புடன்,
கணிதத்தை நேசிக்கும் ஒரு வாசகர்