ஹாங்காங்கில் நடைக்குழு நடத்தும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே, வணக்கம்.

எட்டு வருடமாக உங்கள் வாட்ஸ்அப் அறிவிப்புகளைப் பார்த்துத்தான் நான் மலையேறி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீடு, வீட்டை விட்டால் மால் என்று கிடந்தவனை வெளியே இழுத்து வந்தது நீங்கள்தான். அந்த நன்றி குறையாமல்தான் இதை எழுதுகிறேன். போன மே மாதம் சாய் குங் தீபகற்பத்தில் நடந்த ஒன்றை வைத்து உங்களிடம் ஒரு கோரிக்கை. எந்தக் குழு, யார் அழைத்துப் போனது என்பது இங்கே வேண்டாம். நான் போன எல்லாக் குழுக்களிலும் இந்தப் பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன்.

அறிவிப்பில் இருந்தது இவ்வளவுதான்: "அழகான கடற்கரை நடை. குடும்பத்தோடு வரலாம். மதியம் ஹாம் டின்னில் நூடுல்ஸ்." (ஹாம் டின் என்பது வழியில் வரும் கடற்கரை ஊர்.)

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கடற்கரை அழகுதான். ஆனால் லாங் கே கடற்கரையில் தொடங்கும் மெக்லிஹோஸ் என்ற நீண்ட மலைநடைப் பாதையின் இரண்டாம் பிரிவு 13.5 கிலோமீட்டர் என்பது அதில் இல்லை. மணலை விட்டு ஏறினால் 314 மீட்டர் உயரமுள்ள சாய் வான் மலை வரைக்கும் படிக்கட்டுதான், நிழல் என்று சொல்ல ஒன்றும் கிடையாது என்பதும் இல்லை. நாங்கள் இறங்கிய நீர்த்தேக்க அணையிலிருந்து சாய் வான் ஊர் வரும்வரை ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கக்கூடக் கடை கிடையாது. சாப்பாட்டுக்கு அப்புறம் ஷார்ப் பீக் சிகரம் ஏறப்போகிறோம் என்பது ஹாம் டின்னில் உட்கார்ந்திருந்தபோதுதான் பலருக்குத் தெரிந்தது.

அன்று ஹை ஐலண்ட் நீர்த்தேக்கத்தின் கிழக்கு அணையில் இறங்கியபோது மணி பத்தரை. 14 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பல் இறுகிக் குளிர்ந்து விரிசல் விட்டதில் உருவான அறுகோணத் தூண்கள் அங்கே கடலோரம் முழுக்க நிற்கின்றன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. எல்லோரும் படம் எடுத்து முடித்துக் கிளம்பப் பதினொன்றரை ஆகிவிட்டது. மே மாதத்து ஹாங்காங் வெயிலில் அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரியது என்பது சாய் வான் மலை ஏறும்போதுதான் புரிந்தது. காற்று அசையவில்லை. சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது.

மகனோடு ஓர் அக்கா வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். குடும்ப நடை என்று நம்பி, வழவழப்பான அடிப்பாகம் உள்ள ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டிருந்தார். கையில் ஒரு லிட்டர் தண்ணீர். மலையின் பாதியிலேயே பின்தங்கிவிட்டார். திரும்பிப் பார்த்தவர்களிடம் எல்லாம், "நீங்க போங்க தம்பி, நான் மெதுவா வந்துடறேன்" என்றார். அதைக் கேட்டு எல்லோரும் போனார்கள். நானும் கொஞ்ச தூரம் போனவன்தான்.

நம் ஆட்கள் "என்னால் முடியவில்லை" என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள். "நீங்க போங்க" என்று ஒருவர் சொன்னால் முடியவில்லை என்றுதான் அர்த்தம். மலையில் அந்த வார்த்தையைக் கேட்டால், தயவுசெய்து, போகாதீர்கள்.

அக்காவோடு பின்னால் வந்த நாங்கள் ஹாம் டின் போய்ச் சேர்ந்தபோது முன்னால் போனவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். ஓடையின் மேல் போட்டிருக்கும் பலகைப் பாலத்தை அக்கா தாண்டி வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் "கிளம்பலாமா?" என்று குரல் வந்தது. கடைசியாக வருபவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. வேகமாக நடப்பவர் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்திருக்கிறார், மெதுவாக நடப்பவர் ஐந்தே நிமிடத்தில் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனால் எல்லா நடையிலும் இதுதான் நடக்கிறது.

அங்கிருந்து நேராகத் தாய் லாங் அவ் வழியாகப் பாக் தாம் அவ் போய் பஸ் பிடித்திருக்கலாம். மாறாக, தாய் வான், துங் வான் கடற்கரைகளைக் கடந்து ஷார்ப் பீக். 468 மீட்டர். உச்சியில் நின்றால் தாய் லாங் வான் விரிகுடாவின் நான்கு கடற்கரைகளும் தெரியும். சந்தேகமே இல்லை, ஹாங்காங்கில் எனக்குப் பிடித்த இடம் அது. ஆனால் தாய் லாங் அவ் பக்கம் இறங்கும் சரிவில் கால் வைத்த இடமெல்லாம் சரளை உருளும். அந்த ஷூவில் அக்காவால் நிற்கவே முடியவில்லை. உட்கார்ந்து, உட்கார்ந்தே நகர்ந்து, புல்லின் வேரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாதியில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. கையை விரித்துக் காட்டினார்: உள்ளங்கை உரிந்து, சிவந்த தோலுக்குள் பொடிக்கல் புதைந்திருந்தது. பாட்டிலில் இருந்த கடைசி வாயை மகனிடம் நீட்டினார். அவனுக்குப் பதிமூன்று வயது. "நீ குடிம்மா" என்று அழ ஆரம்பித்துவிட்டான்.

யாரோ அவசர உதவிக்கு 999 கூப்பிடலாமா என்றார்கள். எங்கே இருக்கிறோம் என்று சொல்வது? மெக்லிஹோஸ் பாதையில் 500 மீட்டருக்கு ஒரு கம்பம் இருக்கிறது, அதில் உள்ள எண்ணைச் சொன்னால் போதும். ஷார்ப் பீக் அந்தப் பாதையை விட்டு விலகி இருப்பதால் அந்தக் கம்பங்கள் அங்கே வராது. நல்லவேளை, ஒருவரிடம் உப்பு, சர்க்கரை கலந்த எலுமிச்சைச் சாறு இருந்தது. அரை மணி நேரத்தில் கால் சரியானது. இருட்டில் போன் வெளிச்சத்தில் நடந்து, பாக் தாம் அவ் வந்தபோது இரவு ஒன்பதைத் தாண்டிவிட்டது. அந்த அக்கா அதற்கப்புறம் எந்த நடைக்கும் வரவில்லை. அந்தப் பையனும் வரவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

அதனால் கேட்கிறேன். அறிவிப்பில் தூரத்தையும் ஏற்றத்தையும் எழுதுங்கள். எங்கே கடை இருக்கிறது, எங்கே இல்லை என்று எழுதுங்கள். "சுலபம்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள், யாருக்குச் சுலபம் என்பது நமக்குத் தெரியாது. வானிலை மையம் கடும் வெப்ப எச்சரிக்கை விட்டிருந்தால் நடையைத் தள்ளிப்போடுங்கள். ஷார்ப் பீக்கைத் தனி நடையாக வையுங்கள், ஏற விரும்புகிறவர்கள் தெரிந்தே வரட்டும். எத்தனை மணிக்குள் ஹாம் டின் சேராவிட்டால் நேராக பஸ்ஸுக்குத் திரும்புவது என்பதைக் காலையிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். மதியம் மூன்று மணிக்கு, சிகரம் கண்ணெதிரே நிற்கும்போது, யாராலும் அந்த முடிவை எடுக்க முடியாது.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம்: வழி தெரிந்த ஒருவர் கடைசி ஆளாக வரவேண்டும். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்க வேண்டும்.

இதற்கு ஆள் கிடைக்காது என்று சிலர் சொன்னீர்கள். நவம்பரில் காற்று குளிர்ந்ததும் கிழக்கு அணையிலிருந்து பாக் தாம் அவ் வரை மறுபடி ஒரு நடை வையுங்கள், காலை எட்டு மணிக்கே கிளம்புவோம். கடைசி ஆளாக நான் வருகிறேன். மூன்று லிட்டர் தண்ணீரும், உப்புப் போட்ட மோரும் கூடுதலாக எடுத்து வருகிறேன். அந்த அக்காவிடமும் பேசியிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
உங்களோடு நடக்கும் ஒருவன்